அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் இல்லத்தில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன்: எப்படித் தொடங்குவது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊரில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் தங்கிப் பயிலும் இல்லம் ஒன்று இருக்கிறது. என் தந்தையாரின் திதி அன்று அங்கே மதிய உணவு கொடுப்பது பல ஆண்டுகளாக எங்கள் வழக்கம். பரிமாறி முடித்து, ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

இனி நேரம் இருக்கிறது என்பதால், வாரத்தில் இரண்டு நாள் காலை வேளையில் அங்கே போய் ஏதேனும் வேலை செய்யலாம் என்று நிர்வாகியிடம் கேட்டேன். "எப்ப வேணும்னாலும் வாங்க சார், பசங்களோட விளையாடிட்டுப் போங்க" என்றார். மகிழ்ச்சிதான். ஆனால் சில ஐயங்கள் எழுகின்றன. இந்தப் பிள்ளைகளுடன் பழகுவதற்கென்று எந்தப் பயிற்சியும் எனக்கு இல்லை. சில பிள்ளைகள் யார் வந்தாலும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்று கூப்பிடுகிறார்கள். வேறு சிலர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இரு வகையினரிடமும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. அடுத்து, என்னிடம் ஓர் அடையாள அட்டைகூட அவர்கள் கேட்கவில்லை. இதை வெள்ளந்தித்தனம் என்று எடுத்துக்கொள்வதா, கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வதா? என் மனைவி தையல் வேலை நன்கு தெரிந்தவர். அவரும் வரத் தயாராக இருக்கிறார். அதற்கு அங்கே பயன் உண்டா?

பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி இருப்பதே மேல் என்று கருதுபவர்கள் இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

குடமுருட்டி

ஐயா, வணக்கம். தஞ்சைப் பக்கத்தில் ஓர் உறைவிடச் சிறப்புப் பள்ளியில் சிறப்பாசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பணமும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய இல்லங்களில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது ஆள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, இரவில் படுக்கை மாற்றும் ஆயாம்மா ஒருவரின் பொறுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளை தானாகக் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளும்வரை பத்து நிமிடம் பொறுத்திருக்க அவரால் இயலாது. ஒரே நிமிடத்தில் மாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலை ஏழரைக்குள் பத்துப் பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதன் விளைவு, பதினான்கு வயதில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை இருபது வயதிலும் அந்தப் பிள்ளைக்கு வேறொருவர் செய்துகொண்டிருப்பார்கள். உங்களால் கொடுக்க முடிந்தது அந்தப் பத்து நிமிடம்.

அதை எப்படிக் கொடுப்பது என்பதற்குக் கால்சட்டையையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையைத் தாழ்வான பெஞ்சில் உட்காரவைத்து, நீங்கள் அவனுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். எதிரே நின்றால் உங்கள் கை அசைவு அவனுக்கு இடம் வலமாக மாறித் தெரியும். இரண்டு காலையும் நீங்களே நுழைத்து, முழங்கால், தொடை, இடுப்பெலும்பு வரை ஏற்றிவிட்டு, கடைசியில் இடுப்புக்கு இழுத்துவிடும் ஓர் அசைவை மட்டும் அவனுக்கு விட்டுவிடுங்கள். அவன் கட்டைவிரல் இரண்டையும் பட்டைக்குள் நுழைத்து, உங்கள் கையை அவன் கைமேல் வைத்துச் சேர்ந்து இழுங்கள். சில நாளில் உங்கள் பிடி தளரலாம், பிறகு மணிக்கட்டைத் தொட்டால் போதும், பிறகு தொடவும் வேண்டியிராது. அது நிலைபெற்றபின் தொடையிலிருந்து இழுப்பதை அவனுக்கு விடுங்கள், அதன்பின் முழங்காலிலிருந்து. இப்படிக் கடைசிப் படியிலிருந்து முதற்படிக்கு வருவதன் காரணம் எளிது: ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையால் முடிகிறது, முடிந்த உடனே பாராட்டும் கிடைக்கிறது. முதற்படியிலிருந்து தொடங்கினால் பாதியில் சலித்து விட்டுவிடுவான், மீதியை நாம்தான் முடிப்போம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் இவ்வாறு சொல்லிக்கொடுக்க, மற்ற நாட்களில் ஆயாம்மா முழுவதையும் மாட்டிவிட்டால் பயன் குறைவு. அதைவிடக் கெடுதலானது, சிறப்பாசிரியர் ஒரு முறையிலும் நீங்கள் வேறொரு முறையிலும் சொல்லிக்கொடுப்பது. ஆகவே போன முதல் நாளிலேயே, "எந்தப் பிள்ளைக்கு என்ன பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது, அதில் எந்தப் படியில் இருக்கிறான்" என்று சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதி வைத்திருப்பார்கள், வைத்திருக்க வேண்டும். "பசங்களோட விளையாடுங்க" என்பதோடு நிற்காமல், ஒரு பிள்ளை அல்லது இரு பிள்ளைகள், ஒரு வேலை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது பேருடன் விளையாடிவிட்டு வருவது உங்களுக்கு நிறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

ஓடி வந்து கட்டிக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கேட்பதற்குக் கடினமாக இருக்கும்; ஆனால் அது உங்கள் மேல் வந்த பிரியம் அன்று. இளவயதிலிருந்தே பல கைகளில் மாறி மாறி வளரும் பிள்ளைகள் வாசலில் வரும் எவரிடமும் அப்படி ஒட்டிக்கொள்வார்கள். அதை ஊக்குவித்தால், அந்நியரைத் தொட அனுமதிப்பதே பழக்கமாகிவிடும். தீய எண்ணத்தோடு ஒருவன் வந்தாலும் அவனிடமும் அப்படியே போவார்கள். தள்ளிவிடவும் வேண்டாம். கையை மெல்ல விலக்கி, நேராக நின்று "வணக்கம்" சொல்லிக் கைகுலுக்குங்கள். அவனையும் சொல்ல வையுங்கள். "அப்பா" என்றால் "நான் தாத்தா, இன்ன பெயர்" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்துங்கள். நிமிர்ந்து பார்க்காத பிள்ளையை வலிந்து பார்க்கவைக்க முயலாதீர்கள். குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே உறுத்தலாக இருக்கும். அவன் செய்துகொண்டிருக்கும் வேலையின் அருகில் நீங்களும் அதே வேலையைச் செய்துகொண்டு உட்காருங்கள், போதும்.

வரும் நாளும் நேரமும் மாறக் கூடாது. உங்கள் புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்றைச் செய்து, வகுப்பறைச் சுவரிலுள்ள வார அட்டவணையில் செவ்வாய்க்கு நேரே மாட்டிவைக்கச் சொல்லுங்கள். வர இயலாத வாரத்தில் முன்னரே தெரிவித்தால் ஆசிரியர் அந்த அட்டையை எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார். எதிர்பார்த்த ஆள் வராதபோது தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் யாருக்கும் புரியாமல் "அடம்" என்று பெயர் வாங்குவார்கள். சில மாதங்களாவது தொடர முடியாது என்று தோன்றினால், குறிப்பிட்ட பிள்ளையோடு பழகாமல், தோட்டம், சமையற்கட்டு, கணக்கு எழுதுதல் போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வங்கியில் இருந்தவர் நீங்கள். அவர்களுடைய கணக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா!

மண்ணியாறு

என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. டவுன் சிண்ட்ரோம் எனப்படும் பிறவி மரபணுக் குறைபாடு. மயிலாடுதுறைக்கு அருகில் ஓர் இல்லத்தில் இருக்கிறான். மாதம் ஒரு முறை வீட்டுக்கு அழைத்து வருவேன். ஏன் அங்கே விட்டேன் என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கணவர் வளைகுடாவில், நான் வேலைக்குப் போகிறேன், எங்கள் கிராமத்திலிருந்து பகல்நேரச் சிறப்புப் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை வைத்துக்கொண்டு வீட்டில் ஆள் வைக்க முடியாது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. என்னிடமிருந்து யாரும் அவனைப் பிரிக்கவில்லை, பேருந்தும் வேலையும்தான் பிரித்தன. ஆகவே அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பலருக்கு என்னைப் போல ஒருத்தி எங்கோ இருப்பாள்.

நீங்கள் உணவு கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்ததால் இதைச் சொல்லத் துணிகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் என் மகனின் இல்லத்துக்கு மூன்று நான்கு குடும்பங்கள் சாப்பாட்டோடு வந்துவிடுகின்றன. திருக்கடையூரில் மணிவிழா, சதாபிஷேகம் முடிந்த கையோடு, மிஞ்சிய விருந்தும் பிற்பகலில் வேனில் வந்து இறங்கும். ஜாங்கிரியும் வடையும் பாயசமுமாகப் பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று வேளை விருந்து சாப்பிட்டு மறுநாள் வயிற்றுப்போக்கில் கிடப்பார்கள். ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அன்று சாதமும் ரசமும்தான். என் மகனுக்குத் தைராய்டு குறைவு, உடல் எளிதில் பருத்துவிடும். இனிப்பு கொடுக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தும் நன்கொடையாளர் நீட்டும்போது ஆயாம்மா எப்படித் தடுப்பார்? உணவு கொடுக்க விரும்புகிறவர்கள் இல்லத்தின் அன்றைய சமையலுக்கான காய்கறிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் பணம் கட்டிவிட்டால் எவ்வளவோ நல்லது. திதி அன்றே சாப்பாடு போட வேண்டும் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. அன்றைய சமையல் உங்கள் பெயரில் நடந்தால் முன்னோர் கோபித்துக்கொள்ளவா போகிறார்கள்?

இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கொடுத்தவரின் குடும்பத்துக்காகப் பிரார்த்தனை பாடச் சொல்லும் வழக்கம். பசியோடு, ஆறிப்போகும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கை தட்டுவார்கள். அதைக் கைப்பேசியில் படமும் எடுப்பார்கள். நீங்கள் போகும் இடத்தில் இது நடந்தால், "எங்களுக்கு வேண்டாம், முதலில் சாப்பிடட்டும்" என்று நீங்களாவது சொல்லுங்கள். பிள்ளைகளின் காது கேட்க "பாவம், எந்த ஜென்மத்துக் கர்மமோ" என்று பேசுவதும் கூடாது. பேச்சு வராத பிள்ளைக்கும் அது புரிகிறது. என் மகன் அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், அவனை வெளியே அழைத்துப் போகிற ஓர் ஆள் வேண்டும். இல்லத்தின் அனுமதியோடும் என் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடும், தெருமுனைக் கடைவரை நடந்து, பத்து ரூபாயைக் கடைக்காரரிடம் அவனே நீட்டி, பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி, மீதி வந்தால் எண்ணாமல் போனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்காக ஒரு காலை முழுவதும் போனாலும் போகட்டும். கடைக்காரருக்கு அவன் முகம் பழகும். நாளை அவன் வழி தவறி நின்றால், "இது அந்த இல்லத்துப் பையன்" என்று அடையாளம் சொல்ல ஊரில் ஒருவராவது இருப்பார். பதினேழு வயதுப் பையனிடம் "செல்லக்குட்டி, ஆ காட்டு" என்று பேசாமல், பதினேழு வயதுப் பையனிடம் பேசுவது போலவே பேசுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வெட்டாறு

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவம் தொடர்பாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கும். ஆகவே நீங்கள் அங்கே இருக்கும்போதே யாருக்காவது வலிப்பு வரலாம். நம் பக்கத்தில் இன்னமும் சாவிக்கொத்தையும் அரிவாளையும் தேடி ஓடுகிறார்கள். இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. சிறிது நேரத்தில் பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடும் என்பதால் இரும்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது கடிகாரத்தைப் பார்ப்பது. தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், சுற்றிலும் இருக்கும் நாற்காலி மேசையை நகர்த்துங்கள், இறுகிய பொத்தானைத் தளர்த்துங்கள், இயன்றவரை விரைவில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலோ 108 ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்சில் ஏறும்போது எத்தனை நிமிடம் நீடித்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், மருத்துவருக்கு அது பெரிய உதவி. சோடியம் வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மாத்திரைகளை ஒரு வேளை தவறவிட்டாலும் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். ஆனால் மாத்திரை கொடுப்பது உங்கள் வேலை அன்று. யார் கேட்டாலும் அந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள்.

ஊட்டிவிடும் வேலையையும் பயிற்சி பெறாமல் தொடாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். தலையை அண்ணாந்து வைத்தோ படுக்கவைத்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக்காய்ச்சலாக முடியும். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்க, சிறிய கரண்டியால், முன் வாய் விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமுவது, கண்ணில் நீர் வருவது, குரல் ஈரமாக மாறுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே நிறுத்திவிட்டு ஆயாம்மாவைக் கூப்பிடுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இணையும் இடம் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம் போடவைப்பது, தோளில் ஏற்றிக் குதிப்பது, தலையைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் ஆபத்து. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும் என்பதால், ஓடவிட்டு விளையாட்டுக் காட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல், இருமல், அம்மை எது இருந்தாலும் அன்றைக்குப் போக வேண்டாம். ஒரு கூடத்தில் சேர்ந்து உறங்கும் பிள்ளைகளிடையே அது ஒரே வாரத்தில் பரவிவிடும்.

முடிகொண்டான்

உங்கள் அடையாள அட்டையைக் கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன்; நான் வழக்கறிஞர். அது கவனக்குறைவுதான். நல்ல மனம் படைத்தவர்கள் நடத்தும் இல்லங்களிலும் இதே கவனக்குறைவு இருப்பதைப் பார்க்கிறோம். கேட்காவிட்டாலும் நீங்களே ஆதார் நகலும், காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும், உங்களை அறிந்த இருவரின் பரிந்துரையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்து வருபவரிடம் கேட்க அவர்களுக்கு அது ஒரு முன்மாதிரியாகும். பிள்ளை ஒருவருடன் மூடிய அறையில் தனித்திருக்க வேண்டாம்; குளியல், கழிப்பறை வேலைகளில் தன்னார்வலர் ஈடுபட வேண்டாம். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் எதுவாயினும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைத்தால், இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015 இன்கீழும் பதிவு வேண்டும். சான்றை அலுவலகச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். ஐயம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு 2004 ஜூலை 16 ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சமையற்கூடத்துக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்த ஊர் அது. ஆகவே சமையற்கட்டு எங்கே இருக்கிறது, இரவில் எந்தக் கதவுகள் பூட்டப்படுகின்றன, சாவி யாரிடம் இருக்கிறது, நடக்க இயலாத பிள்ளைகள் மாடியில் படுக்கிறார்களா தரைத்தளத்திலா என்று கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இதற்கு எரிச்சலோடு பதில் வந்தால் அந்த எரிச்சலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கைப்பேசியில் படம் எடுப்பதைப் பற்றி மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போடுகிறவர்களும் உண்டு. பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படும் வகையில் படத்தையோ பெயரையோ எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முகநூலில் அன்னதானப் படம் போடுகிற பலருக்கு இது தெரியாது. கடைசியாக, ஏதேனும் ஒரு பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருக்கலாம் என்று உங்களுக்கு ஐயம் ஏற்பட்டாலே, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. நிர்வாகியிடம் சொன்னதோடு அது தீராது. குழந்தைகள் உதவி எண் 1098.

பாமணியாறு

மேலே எழுதியிருப்பவை அனைத்தும் சரிதான். ஆனால் ஒரு மனிதர் உதவி செய்ய வருகிறேன் என்று கேட்டதற்கு, காவல்துறைச் சான்று, சட்டப்பிரிவு, கழுத்தெலும்பு என்று இத்தனையையும் அடுக்கினால் யார்தான் போவார்கள்? மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஓர் இல்லத்துக்குப் போய்க் கிரிக்கெட் விளையாடிவிட்டு வருகிறார்கள். எந்தப் பயிற்சியும் கிடையாது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். 2018 இல் கஜா புயல் அடித்து மின்சாரம் இல்லாமல் ஊரே இருண்டு கிடந்தபோது, அந்த இல்லத்துக்குத் தண்ணீரும் ஜெனரேட்டரும் கொண்டுபோனவர்களும் அதே இளைஞர்கள்தான். முதலில் போகட்டும், போகப் போகக் கற்றுக்கொள்ளட்டும்.

குடமுருட்டி

சகோதரர் சொல்வதில் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த இளைஞர்கள் ஞாயிறுதோறும் போகிறார்கள், ஒரே வேலையைச் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர்கள் முகம் பழகியிருக்கிறது. நான் கேட்டதும் இவற்றைத்தான். புயலில் அவர்கள் நினைவுக்கு வந்ததும் அதனால்தான். ஆண்டுக்கு ஒரு முறை கேக் வெட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த இல்லத்தின் நினைவு அன்று வந்திருக்காது. ஆனால் சான்று கேட்பதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க இயலாது. தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இவர்கள். நல்லவருக்கு அது ஒரு நாள் அலைச்சல். அந்த அலைச்சலுக்கு அஞ்சித் திரும்பிப் போகிறவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த இளைஞர்களிடமும் சொல்லிப் பாருங்கள், மறுநாளே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அரசலாற்றங்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று மீண்டும் போய்ச் சிறப்பாசிரியரைத் தனியே பார்த்துப் பேசினேன். செவ்வாய், வெள்ளி காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை, இரண்டு பிள்ளைகள், கை கழுவுதலும் தட்டு கழுவுதலும் என்று முடிவாகியிருக்கிறது. கணக்கு வேலையையும் மாதக் கடைசியில் பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். பதிவுச் சான்று சுவரில் இருக்கிறது, காலாவதியாகவில்லை. நன்னடத்தைச் சான்று கொண்டுவருகிறேன் என்றதும் நிர்வாகி, "உங்களுக்கெல்லாம் எதுக்கு சார்" என்றார், கொண்டுவருவதாகவே சொல்லியிருக்கிறேன். அடுத்த திதிக்கு அன்றைய சமையலுக்குப் பணம் கட்டிவிடலாம் என்று மனைவியும் சொல்லிவிட்டார். அவருடைய தையலைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் புத்தாடை தைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்.

மண்ணியாறு

அண்ணா, புத்தாடை வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தேவைக்கு மேல் வந்துவிடுகிறது. வந்தவற்றைத் திருத்திக் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஜிப்பும் கொக்கியும் வைத்த கால்சட்டைகளைப் பிரித்து இடுப்பில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் பல பையன்கள் கழிப்பறைக்குத் தாங்களே போய்வருவார்கள். எலாஸ்டிக் இறுக்கமாக இருக்கக் கூடாது, கட்டைவிரல் இரண்டும் எளிதாக நுழைய வேண்டும். முன்பக்கத்தில் உட்புறமாக ஒரு சிவப்புத் துணித்துண்டு வைத்துத் தைத்தால் முன் எது பின் எது என்று தெரிந்துகொள்வார்கள். கழுத்துப்பட்டையிலுள்ள லேபிள்களையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். அது உறுத்தினாலே சட்டையைக் கழற்றி எறிகிற பிள்ளைகள் உண்டு.

பெண் பிள்ளைகளுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணிகள், அடர்நிறத்தில், ஓரத்தில் அழுத்துபொத்தான் வைத்து நிறையத் தேவைப்படும். இதை ஆண்கள் யாரும் போய்க் கேட்கவும் மாட்டார்கள், இல்லத்தில் சொல்லவும் கூச்சப்படுவார்கள். அண்ணி நேராக ஆயாம்மாவிடம் கேட்கட்டும். எச்சில் வடியும் பெரிய பையன்களுக்குக் குழந்தைக்குக் கட்டும் எச்சில்துணி போலில்லாமல், கழுத்தில் சுற்றும் கைக்குட்டை வடிவில், உள்ளே துவாலைத் துணியும் வெளியே நல்ல கட்டம் போட்ட துணியும் வைத்துத் தைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். பின்னால் முடிச்சு வேண்டாம், ஒட்டுப்பட்டை வைக்கச் சொல்லுங்கள். இழுத்தால் உடனே கழன்றுவர வேண்டும். ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தேவைப்படும்.